லினக்ஸ் போன் எத்தனை வருஷம் தாங்கும்? அல்சூரிலிருந்து ஓர் அனுபவம்

ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகக் கணினியில் ஓடும் அதே லினக்ஸ் ஓடுகிற போன், அதாவது லினக்ஸ் போன், வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரை இடைமுகத்தில் ஃபோஷ் நல்லதா, பிளாஸ்மா மொபைல் நல்லதா, வாட்ஸ்அப் வருமா, தமிழில் டைப் அடிக்கலாமா. போன் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டாலும், மூல நிரல் திறந்திருக்கிறது, அதனால் அப்டேட் நிற்காது, அதனால் போனும் காலத்துக்கும் வரும் என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்டேட் நிற்காது என்பது வரை எனக்கும் சம்மதம். அதற்குப் பிறகு வருவதில்தான் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

நான் இருப்பது பெங்களூரின் அல்சூரில், வேலை அதே ஊரின் பீன்யாவில். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகள் செய்கிற ஒரு சின்ன நிறுவனம். எங்கள் தொழிலில் ஒரு போர்டை விற்றால் பத்து, பதினைந்து வருஷத்துக்கு அதற்கு மாற்று உதிரி கொடுக்க வேண்டும். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் எது தேயும், தேய்ந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்றுதான் மனசு போகும். அந்தக் கண்ணோடுதான் சில வருஷமாக, பைன்64 நிறுவனத்தின் லினக்ஸ் போனான ஒரு பைன்போனைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கூடவே வீட்டில் அக்கா மகன் கழித்துப்போட்ட ஒரு போக்கோ எஃப்1 ஆண்ட்ராய்டு போனிலும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் ஓடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் புரிந்த விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிப். பைன்போனின் இதயம் ஆல்வின்னர் ஏ64. 2015-ல் வந்த சிப், டேப்லெட்டுக்கும் டிவி பெட்டிக்கும் என்று செய்தது. 40 நானோமீட்டர் தயாரிப்பு, நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கோர், வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. போன் விற்பனைக்கு வந்தது 2020 தொடக்கத்தில், விலை 149 டாலர். அதாவது பிறக்கும்போதே அதன் சிப்புக்கு ஐந்து வயது. இதைச் சொன்னால் பலருக்கு எரிச்சல் வரும், "புது சிப் போட்டிருக்கலாமே" என்பார்கள். போட்டிருக்க முடியாது என்பதுதான் நிலைமை. மூடிய நிரல் எதுவும் இல்லாமல், வன்பொருளை இயக்கும் அடித்தள நிரலான லினக்ஸ் கர்னலின் அதிகாரப்பூர்வத் தொகுப்பிலேயே ஒரு சிப்புக்கு ஆதரவு வருவதற்குப் பல வருஷ உழைப்பு வேண்டும். ஏ64-க்கு அந்த உழைப்பை ஆல்வின்னர் சிப்புகளுக்கு லினக்ஸ் எழுதும் ஆர்வலர்களான லினக்ஸ்-சன்க்சி குழுவினர் பல வருஷமாகச் செய்து வைத்திருந்தார்கள். பைன்64 நிறுவனமே அதே சிப்பில் முன்பே போர்டும் லேப்டாப்பும் விற்றிருந்தது. பழைய சிப் என்பது இங்கே குறையும்தான், போன் நீண்ட நாள் வாழ்வதற்கான காரணமும்தான். ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவை, தயாரிப்பாளர் கொடுத்த ஒரு கர்னல் பதிப்போடு கட்டுண்டு கிடக்கும். அவர் கைவிட்ட நாளில் அதன் கதை முடிந்தது. ஏ64 போனில் நேற்று வெளிவந்த கர்னலை இன்று ஏற்றலாம்.

ஆனால் கர்னல் ஏறுகிறது என்பதற்காக மேலே ஓடும் மென்பொருள் ஏறிவிடும் என்று இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குவதற்கு முன் யாரும் இதைச் சொல்வதில்லை. ஏ64-ல் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி மாலி-400. ஏஆர்எம் அதை அறிவித்தது 2008-ல். லிமா என்ற திறந்த டிரைவர் அதை நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் அந்த வன்பொருளுக்குத் தெரிந்தது திரையில் வரையும் கட்டளைகளுக்கான ஓப்பன்ஜிஎல் இஎஸ் தரத்தின் 2.0 பதிப்பு மட்டும். ஃபோஷில் ஓடும் நோம் வகைச் செயலிகள் பெரும்பாலும், பட்டன், பட்டியல் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே4 என்ற நிரல் தொகுப்புக்கு மாறின. 2024-ல் வந்த ஜிடிகே 4.14-ல் திரையில் வரைகிற பகுதி புதிதாக எழுதப்பட்டது, அது எதிர்பார்ப்பது இஎஸ் 3.0. டிரைவர் எழுதுகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சிலிக்கனில் இல்லாததை அவரால் கொண்டுவர முடியாது. விளைவு, மென்பொருள் புதிதாக ஆக ஆக, பழைய போனில் அதே பட்டியலை விரலால் தள்ளுவது கனக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வருகிறது, வேகம் போகிறது. திறந்த நிரல் போன்களுக்கு வயதாகும் விதம் இதுதான்.

இதற்கு என் வழி, இடைமுகத்தை இளைக்கவைப்பது. எஸ்எக்ஸ்எம்ஓ என்றொரு இடைமுகம் இருக்கிறது. பளபளப்பு ஒன்றும் இருக்காது. வால்யூம் பட்டனாலும் விரல் அசைவாலும் மெனு திறக்கும், பின்னால் ஓடுவது ஷெல் ஸ்கிரிப்ட் எனும் சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகள். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழகிவிட்டால் மாலி-400-க்கு வேலையே இல்லை, போன் சட்டென்று பதில் சொல்கிறது. அம்மா அப்பாவுக்கு இதைக் கொடுக்க மாட்டேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைப் பார்த்துப் பயப்படாதவர்களுக்கு நிச்சயம் சொல்வேன். வாங்குவதாக இருந்தால் 2 ஜிபி ரேம் மாடலைத் தொடாதீர்கள், 3 ஜிபி மாடலை மட்டும் பாருங்கள். பிரவுசர் திறந்த உடனே அந்த ஒரு ஜிபியின் அருமை தெரியும்.

அடுத்தது பேட்டரி. என் கணக்கில் ஒரு போனின் ஆயுளைத் தீர்மானிப்பதில் சிப்பைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். லித்தியம் பேட்டரி எதுவானாலும் சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஆகி இறங்கியதும் கொள்ளளவு குறையத் தொடங்கும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். பைன்போனின் பின்மூடியை நகத்தால் நெம்பினால் வந்துவிடும், பேட்டரியைக் கையால் எடுக்கலாம். முக்கியமான விஷயம், அது பைன்போனுக்கென்று தனியாகச் செய்த பேட்டரி இல்லை. சாம்சங் கேலக்ஸி ஜே7-ன் பேட்டரி அளவுக்குப் பொருந்தும்படி வேண்டுமென்றே வடிவமைத்தது. ஜே7 நம் ஊரில் எத்தனை பேர் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரர் ஆம்பூர் பக்கத்துக்காரர், தமிழ்தான் பேசுவார். போனை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன கம்பெனி தம்பி? பேரையே கேள்விப்பட்டதில்லையே."

"பைன்போன் பாய். உள்ளே லினக்ஸ்."

மூடியைத் திறந்தார், பேட்டரியை எடுத்தார், முகம் தெளிந்துவிட்டது. "பேர் என்னவோ இருக்கட்டும். பேட்டரி ஜே7 தானே இது!" என்று கீழ் டிராயரை இழுத்தார்.

அன்றைக்கு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனையை இன்றைக்கும் செய்கிறேன். பழைய பேட்டரியைக் கண்ணாடி மேஜைமேல் படுக்கவைத்து ஒரு மூலையை விரலால் தட்டினார். அது பம்பரம் மாதிரி சுற்றியது. "நல்ல பேட்டரி சுத்தாது தம்பி, அடி தட்டையா இருக்கணும். சுத்துச்சுன்னா நடுவுல உப்பிடுச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டுடு" என்றார். கண்ணுக்குத் தெரியாத உப்பலைக்கூட இது காட்டிக்கொடுக்கும். புதிதாக வாங்குவதையும் அங்கேயே தட்டிப் பாருங்கள். அப்புறம் போனில் போட்டு, சார்ஜரைச் செருகி, மின்னோட்டம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சந்தையில் கிடைக்கும் எல்லாமே நல்லதாக இருக்காது. வேறொரு கடையில் வாங்கிய ஒன்றில் 3000 எம்ஏஹெச் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. லினக்ஸ் போனில் ஒரு வசதி, பேட்டரியிலிருந்து இந்த நிமிஷம் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதைக் கர்னல் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைக் குறித்துவைக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். முழுச் சார்ஜிலிருந்து அணையும்வரை ஓடவிட்டுக் கூட்டிப் பார்த்தால் உண்மையான கொள்ளளவு வந்துவிடும். அந்தப் பேட்டரி 2000-ஐக்கூடத் தொடவில்லை. கணக்கைக் காட்டிக் கடையில் மாற்றி வாங்கினேன். இந்தத் தகவலைச் சாதாரணப் போன்கள் நம்மிடம் இப்படி முழுசாகக் கொடுப்பதில்லை. இதற்காகவே இந்தப் போன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொன்று, சார்ஜ் ஏறும் உச்ச மின்னழுத்தத்தை நாமே குறைக்கலாம். நான் 4.1 வோல்ட்டில் நிறுத்திவைத்திருக்கிறேன். ஒரு நாளுக்கான சார்ஜ் கொஞ்சம் குறையும், பேட்டரி பல மாதம் கூடுதலாக வரும். கையில் இன்னொரு பேட்டரி உபரியாக இருப்பதால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உபரிப் பேட்டரியைப் பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள். முழுச் சார்ஜோடு அலமாரியில் கிடந்தால் சும்மா கிடந்தே வீணாகும்.

இந்தப் பேட்டரி விஷயத்தில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. நோக்கியா என்900, 2009-ல் வந்தது, மேமோ என்ற லினக்ஸ் ஓடியது, ரேம் வெறும் 256 எம்பி. அதற்கு இன்றைக்கும் மேமோ லெஸ்டே என்ற பெயரில் புது மென்பொருள் எழுதுகிறார்கள், புதிய கர்னல் ஏற்றுகிறார்கள். எப்படி இவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது? ஆர்வலர்களின் உழைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அதில் போட்டிருந்தது பிஎல்-5ஜே பேட்டரி. நோக்கியா 5233 ஞாபகம் இருக்கிறதா? காலேஜ் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் இருந்த போன், அதற்கும் அதே பேட்டரிதான். கோடிக்கணக்கில் விற்ற ஒரு போனோடு பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் போனுக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் மூடினாலும் பேட்டரி கிடைக்கும். தனக்கென்று தனி அளவில் பேட்டரி வைத்திருக்கும் போன், அந்த நிறுவனம் உதிரி விற்பதை நிறுத்தும்வரைதான்.

சரி, மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் மோடத்துக்கு வருவோம். நம் ஊரில் போனைப் போனாகப் பயன்படுத்த முடியுமா முடியாதா என்பது இதில்தான் இருக்கிறது. பைன்போனில் இருப்பது குவெக்டெல் இஜி25-ஜி. அதுவே ஒரு தனிச் சின்னக் கணினி, உள்ளே குவால்காம் சிப், அதன்மேல் அதற்கென்று ஒரு லினக்ஸ். முதன்மைச் சிப்போடு யுஎஸ்பி வழியாகத்தான் பேசும். நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளாது. அந்தரங்கப் பாதுகாப்பு வேண்டுமென்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பின்மூடிக்கு அடியில் மோடத்துக்கு ஒரு சுவிட்ச், வைஃபைக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, கேமராக்களுக்குத் தனித்தனியாக என்று இருக்கிறது. அணைத்தால் அந்தப் பகுதி வன்பொருள் அளவிலேயே செயலிழந்துவிடும்.

இந்தியாவின் 4ஜி அலைவரிசைகளான பேண்ட் 3, 5, 8, 40 எல்லாம் இந்த மோடத்தில் உண்டு. ஆனால் அலைவரிசை பிடிப்பது வேறு, பேச்சு போவது வேறு. ஜியோ 2016-ல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். அதில் பேச்சு என்றால் 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் விஓஎல்டிஇ-யில்தான் போகும். மற்ற சில சிம்களில் விஓஎல்டிஇ இல்லாவிட்டால் அழைப்பு வரும்போது மோடம் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை இணையம் நின்றுவிடும். இஜி25-ஜி மோடத்தில் விஓஎல்டிஇ-க்கான நெட்வொர்க் சுயவிவரங்கள் உள்ளேயே இருக்கின்றன. தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பொதுவான சுயவிவரத்தை, மோடத்துக்கு நேரடியாக அனுப்பும் ஏடி கட்டளையால் கைப்பட அமைத்தால் என் சிம்மில் பேச்சு போகிறது. எல்லா சிம்முக்கும் இப்படி அமையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பைன்போன் வைத்திருக்கும் யாராவது உங்கள் ஏரியாவில் இருந்தால் உங்கள் சிம்மை அதில் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2ஜி, 3ஜி என்று பழைய வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதால் போனின் ஆயுளோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. திரையும் பேட்டரியும் நன்றாக இருந்தும், பேச வழி இல்லாமல் ஒரு போன் சாகலாம். போக்கோ எஃப்1, ஒன்பிளஸ் 6 மாதிரி ஸ்னாப்டிராகன் 845 போன்களில் இதுதான் தலைவலி. அவற்றில் லினக்ஸ் மிக வேகமாக ஓடுகிறது. அட்ரினோ கிராஃபிக்ஸுக்கான திறந்த டிரைவர் அருமையாக இருக்கிறது, 6 ஜிபி ரேமில் பைன்போன் கனவு காண முடியாத வேகம். ஆனால் விஓஎல்டிஇ-யைக் கையாளும் பகுதி பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பக்கத்து மூடிய மென்பொருளோடு பின்னிக் கிடக்கிறது, கேமராவும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் போக்கோவில் சிம் போடுவதே இல்லை. புத்தகம் படிக்க, பாட்டுக் கேட்க, கோப்பு பரிமாற, அக்கா மகன் பைதான் பழக என்று வைஃபையில் ஓடுகிறது.

தூக்கம் என்று ஒரு விஷயம் இருக்கிறது. ஏ64-க்குள் மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ள ஒரு சின்னத் துணைச் செயலி உண்டு, அதற்கு கிரஸ்ட் என்ற திறந்த நிரல் எழுதியிருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் இந்தப் போன் நாள் முழுக்கத் தாங்குகிறது. முதன்மைச் சிப் முழுதாக உறங்கிவிடும், மோடம் மட்டும் விழித்திருக்கும். அழைப்பு வந்தால் மோடம் எழுப்பும். எழுந்திருக்கச் சில நொடி பிடிக்கும், அதனால் அழைப்பவர்களிடம் "ரெண்டு ரிங்குல வெச்சிடாதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். உறக்கத்தில் வைஃபை வழியாக வரும் அரட்டைச் செய்திகள் எட்டாது. நான் அலாரக் கடிகாரத்தைக் கொண்டு கால் மணிக்கு ஒரு தரம் எழுப்பி, செய்தி வந்திருக்கிறதா பார்த்துவிட்டு மறுபடி உறங்கவைக்கிறேன். உடனடிப் பதில் கேட்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

அல்சூரிலிருந்து பீன்யா போக மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாற வேண்டும். எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களில்தான் எந்த மோடமும் அதிகமாகத் தின்னும், கோபுரம் தேடித் தேடி அலையும். 3000 எம்ஏஹெச் பேட்டரியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மின்னோட்டக் குறிப்பைப் பார்த்ததில் இது தெளிவானதும், எம்.ஜி. ரோட்டில் மோடத்தின் ரேடியோவை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானே திறக்கும்படி ஒரு ஸ்கிரிப்டை வால்யூம் பட்டனில் கட்டிவிட்டேன். மாலை வீடு திரும்பும்போது கணிசமாகச் சார்ஜ் மிச்சம் இருக்கிறது.

நினைவகம் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் பழைய போன்கள் திடீரென்று செத்துப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். இஎம்எம்சி என்பது போர்டில் பற்றவைத்த ஃபிளாஷ். இத்தனை தடவைதான் எழுதலாம் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. தான் எவ்வளவு தேய்ந்திருக்கிறேன் என்பதை அந்தச் சிப்பே சொல்லும், லினக்ஸில் அந்த எண்ணைப் படிக்கலாம். 1 என்று வந்தால் தேய்மானம் 10 சதவீதத்துக்குள், 2 என்றால் 20-க்குள், இப்படியே போகும். பழைய போன் ஒன்றை லினக்ஸுக்காக வாங்குகிறீர்கள் என்றால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். தேய்மானத்தைக் குறைக்க ரேம் போதாதபோது உதவும் உபரி இடமான ஸ்வாப்பை ஃபிளாஷில் வைக்காமல் சுருக்கிய ரேமில் வையுங்கள், பிரவுசரின் கேஷையும் ரேமுக்கு மாற்றுங்கள். பைன்போனுக்கு இங்கே ஒரு பெரிய பலம் உண்டு. ஏ64 சிப் விழித்ததும் முதலில் எஸ்டி கார்டைத்தான் தேடும். உள் நினைவகம் முழுதாகச் செத்தாலும் ஒரு கார்டைச் செருகிப் போனை ஓட்டலாம். இந்த ஒரு வசதியே போனின் ஆயுளைப் பல வருஷம் நீட்டிவிடும் என்று நம்புகிறேன். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கார்டு வாங்கினால் வாங்கிய கையோடு முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள், போலி நிறையப் புழங்குகிறது.

சார்ஜிங் போர்ட் தனிச் சின்னப் பலகையில் இருக்கிறது, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். திரையும் அப்படியே. சாதாரண ஸ்குரூ டிரைவர் போதும்.

காசு அனுப்புவதில்தான் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். யுபிஐ செயலிகள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வருகின்றன, இந்த லினக்ஸ் போன்களுக்கு இல்லை. லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேடிராய்டு இருக்கிறது, ஆனால் வங்கிச் செயலிகள் கேட்கும் கூகுள் சான்று அதற்குக் கிடைக்காது. சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும் இடத்திலும் சிக்கும். 3 ஜிபி ரேமில் அதை ஓட்டுவதும் சுகமில்லை. *99# என்று அழைத்து மெனு வழியாகப் பணம் அனுப்பும் முறை பட்டன் போன்களுக்காக வந்தது, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. அவசரத்துக்கு வழி உண்டு என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தினப்படிக்கு நான் ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போனை வைத்திருக்கிறேன், அதில் யுபிஐ தவிர ஒன்றும் இல்லை. தெருமுனைக் காய்க்காரரிலிருந்து ஆட்டோ வரை எல்லாரும் க்யூஆர் நீட்டும் பெங்களூரில் இரண்டு போன் தவிர்க்க முடியாது. லினக்ஸ் போன் ஒன்றே போதும் என்ற எண்ணத்தோடு வாங்கினால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. படிப்பதில் சிக்கலே இல்லை, நோட்டோ எழுத்துருவை நிறுவினால் எல்லாம் சரியாகத் தெரியும். தட்டச்சுக்கு, ஃபோஷ் ஏற்றி வைத்திருக்கும் இன்னொரு எஸ்டி கார்டில் ஸ்குவீக்போர்ட் விசைப்பலகை இருக்கிறது. அதன் அமைப்பு வெறும் எழுத்துக் கோப்பு, எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று நாமே எழுதலாம். தமிழ்99 வரிசையை உட்கார்ந்து எழுதி வைத்தேன். புள்ளியை எனக்கு வசதியான கட்டைவிரல் பக்கம் நகர்த்தியும் வைத்தேன். என் போனில் என் மொழிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி. இந்தக் கட்டுரையின் சில பத்திகளை அதில்தான் அடித்தேன்.

மற்ற போன்களோடு ஒப்பிட்டால், நீண்ட ஆயுளுக்கு என்று யோசித்துச் செய்த வடிவமைப்பு பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5-தான். 2017-ல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கினார்கள், 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் மோடமும் வைஃபையும் எம்.2 என்ற தனிச் செருகு கார்டாக இருக்கும், கழற்றி வேறு போடலாம். 4500 எம்ஏஹெச் பேட்டரியைக் கையால் எடுக்கலாம். சிப் என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம். அந்தக் குடும்பத்துச் சிப்புகளை எங்கள் தொழிலிலும் பார்க்கிறோம், குறைந்தது 10 வருஷம் சப்ளை உண்டு என்று தயாரிப்பாளரே உறுதி கொடுக்கும் வகை. இவ்வளவுக்கும் விலையாக 15 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், சட்டைப்பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். நிதி திரட்டியபோது அறிவித்த விலையும் 599 டாலர். பைன்போன் புரோ வேகமானது, ஆர்கே3399எஸ் சிப், 4 ஜிபி ரேம், 2021-ல் 399 டாலருக்கு அறிவித்தார்கள். 2025-ல் அதை நிறுத்திவிட்டார்கள். மெதுவான பழைய பைன்போன் அதைவிட நீண்டகாலம் விற்பனையில் இருந்தது. அதன் சிப்புக்கான உழைப்பு ஆழமானது, பயன்படுத்துகிறவர்களும் அதிகம். நீண்ட நாள் வேண்டுமென்றால், நான் வேகத்தைவிட எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். உடைந்தால் வழி சொல்ல ஆள் வேண்டும், உதிரிக்காக இன்னொரு போன் கிடைக்க வேண்டும்.

பழைய ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் ஏற்றி வீட்டுச் சர்வராக வைக்கும் யோசனை பலருக்கு உண்டு, செலவில்லாத நல்ல யோசனை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017-ல் தொடங்கியதே போன்களுக்குப் பத்து வருஷ ஆயுள் என்ற இலக்கோடுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில் கிடக்கும் பசையால் உள்ளே ஒட்டிய பேட்டரி உப்பும். நண்பர் வீட்டில் அலமாரிமேல் அப்படி ஓடிய ஒரு போனின் திரை, பேட்டரி தள்ளியதில் ஒரு பக்கம் தூக்கி நின்றதைப் பார்த்தேன். சார்ஜரை டைமர் பிளக்கில் மாட்டி, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் ஏறவிடுங்கள். மாதம் ஒரு தடவை போனைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அன்றைக்கே அணைத்துவிடுங்கள், ஊசியோ கத்தியோ வைத்து நீங்களே நெம்ப வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போகிறவர்கள் டாலர் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் தொகை நன்றாகவே ஏறும். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் உபரிப் பேட்டரியை அங்கிருந்து வாங்க வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. அதே பெட்டியில் ஒரு திரையும் ஒரு சார்ஜிங் பலகையும் சேர்த்து வரவழைத்துவிடுங்கள். அவை இரண்டும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்காது.